சிறுவன் சொல் அம்பலம் ஏறாது

கொலை நடந்த அறை. நடுவில் பிணம். சுற்றிலும் போலீஸ் அதிகாரிகள், உறவினர்கள், தனியார் துப்பறிவாளர் ஒருவர். மேஜைக்கு அடியிலிருந்து கண்ணாடி போட்ட ஏழு வயதுப் பையன் ஒருவன் தலையை நீட்டி, காப்பிக் கோப்பையின் கைப்பிடி ஏன் இடது பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்கிறான். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. துப்பறிவாளர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கிறார். பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்னடா வேலை?

பத்து நிமிஷம் கழித்து அதே துப்பறிவாளரின் கழுத்தில் மயக்க ஊசி பாய்கிறது. ஊசி வந்தது பையனின் கைக்கடிகாரத்திலிருந்து. மனிதர் தள்ளாடி நாற்காலியில் சரிகிறார். பையன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கழுத்து ‘போ’வில் பொருத்திய கருவி வழியாக அவர் குரலிலேயே பேசத் தொடங்குகிறான். அதே கோப்பை, அதே கைப்பிடி. இப்போது அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. கொலையாளிக்கு வியர்க்கிறது.

கொஞ்சம் வேறுபாடுகளோடு இந்தக் காட்சியை ஜப்பானியக் குழந்தைகள் முப்பது ஆண்டுகளாக டி.வி.யில் பார்த்து வருகிறார்கள். தொடரின் பெயர் ‘மெய்தான்தெய் கோனன்’, அதாவது புகழ்பெற்ற துப்பறிவாளன் கோனன். (தமிழ்க் காதுக்கு முதல் எழுத்துகள் இரண்டும் உண்மை என்று ஒலிக்கும். ஜப்பானியரின் ‘மெய்’ புகழைக் குறிப்பது.) அவோயாமா கோஷோ என்ற ஓவியர் 1994இல் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் சித்திரக்கதையாக ஆரம்பித்தார். 1996 ஜனவரி 8 அன்று அது அனிமேஷன் தொடராக டி.வி.க்கு வந்தது. 2021 மார்ச்சில் ஆயிரமாவது பகுதி ஒளிபரப்பானது. அதே ஆண்டு அக்டோபரில் புத்தகத்தின் நூறாவது தொகுதி கடைக்கு வந்தது. 1997 முதல், கொரோனாவால் தள்ளிப்போன 2020 நீங்கலாக, ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு திரைப்படம் வருகிறது. ஓவியர் பிறந்த தொத்தோரி மாவட்டத்தில் விமான நிலையத்துக்கே கோனன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அவருடைய சொந்த ஊரான ஹோக்குயெயில் தெருவுக்குத் தெரு வெண்கலக் கோனன்கள் நிற்கிறார்கள்.

கதைக்குள்ளே மட்டும் ஓராண்டுகூட ஓடவில்லை. பையன் இன்னமும் ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறான். ஆரம்பத்தில் பொது டெலிபோன் கூண்டுக்கு ஓடியவன் இப்போது ஸ்மார்ட்ஃபோனில் பேசுகிறான், அவ்வளவே. வெளியுலகில் சட்டமே மாறிவிட்டது. தொடர் தொடங்கியபோது ஜப்பானில் 15 ஆண்டு தப்பித்துத் திரிந்தால் கொலைகாரனைத் தண்டிக்க முடியாது. 2005இல் அது 25 ஆண்டானது. 2010இல் கொலைக்குக் காலவரம்பே கிடையாது என்றாகிவிட்டது.

கதையின் முடிச்சு தெரிந்ததுதான். குதோ ஷினிச்சி 17 வயதுப் பள்ளி மாணவன். போலீஸே ஆலோசனை கேட்கும் துப்பறியும் சூரன். பத்திரிகைகளில் படம் வருகிறவன். சிறுவயதுத் தோழி ரானோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போன இடத்தில் கறுப்புடை ஆசாமிகளின் ரகசியப் பேரம் ஒன்றைப் பார்த்துவிடுகிறான். பின்மண்டையில் அடித்து, தடயமில்லாமல் கொல்லும் விஷம் என்று ஒரு மாத்திரையை அவன் வாயில் போட்டுவிட்டுப் போகிறார்கள். சாவதற்குப் பதிலாக அவன் உடம்பு ஏழு வயதுக்குச் சுருங்கிவிடுகிறது. உயிரோடிருப்பது தெரிந்தால் அவனை மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்களையும் தீர்த்துவிடுவார்கள். யாரென்று ரான் கேட்டபோது, முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரியில் கண்ணில் பட்ட இரண்டு பெயர்களை ஒட்டிச் சொல்கிறான்: எதோகாவா கோனன். ஒரு பாதி கோனன் டாயில். மறுபாதி எதோகாவா ரன்போ, ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் தந்தை. ரன்போவே புனைபெயர்தான்: எட்கர் ஆலன் போவை ஜப்பானிய நாக்கு உருட்டினால் வருவது.

ரானின் அப்பா மோரி கோகோரோதான் குட்டு வைத்த அந்தத் துப்பறிவாளர். முன்னாள் போலீஸ்காரர். பீர், குதிரைப் பந்தயம், டி.வி.யில் பாட்டுக்காரி, பிழையான ஊகங்கள் – இவைதான் அவர் தொழில். பையன் அவர் வீட்டில் ஒட்டிக்கொண்டு, அவரைத் ‘தூங்கும் மோரி’ என்று நாடறிந்தவராக்குகிறான். உண்மை எப்போதும் ஒன்றுதான் என்பது தொடரின் தாரக மந்திரம். அந்த ஒன்று யார் வாயிலிருந்து வந்தால் செல்லுபடியாகும் என்பதுதான் தொடர் நெடுகிலும் நடக்கும் வேடிக்கை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். அங்கே சிறுவன் சொல் ஏறுவதில்லை. மீசை வைத்த, சூட் போட்ட, வயது வந்த ஒரு ஆள் வேண்டும். அவர் விழித்திருக்க வேண்டியதுகூட இல்லை.

இதை வெறும் சிரிப்பு உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்ததுமே ஆள் தன் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘நான்’ என்பதற்கே பல சொற்கள். ஷினிச்சி தனக்குள் யோசிக்கும்போது ‘ஒரே’ என்கிறான். அது இளவட்ட ஆணின் மிடுக்கான நான். பெரியவர்கள் முன்னால் ‘பொக்கு’ என்கிறான். பணிவான பையனின் நான். ஒரே காட்சியில் இரண்டு நான்களுக்கும் இடையே தாவுகிறான். எதிரே நிற்பவரின் வயதையும் பதவியையும் பொறுத்து வினைச்சொல்லே உருமாறும் மொழியில், ஏழு வயதுக்காரன் இன்ஸ்பெக்டரிடம் ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று சொல்ல நேரான வழி கிடையாது. ஆச்சரியப்படுவதுபோல நடித்து, கேள்வியாகக் கேட்டுத்தான் நுழைக்க வேண்டும். ஜப்பானிய அலுவலகங்களில் கீழ்நிலை ஊழியர்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. அப்பாக்களும் குழந்தைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

மொழிபெயர்ப்பில் இது என்ன ஆகிறது என்பது தனிக் கதை. 2004இல் அமெரிக்க டி.வி.க்குப் போனபோது தொடரின் தலைப்பையே மாற்றினார்கள். ஷினிச்சி ஜிம்மி ஆனான், ரான் ரேச்சல் ஆனாள், மோரி ரிச்சர்ட் மூர் ஆனார். பெயர் மாறியதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய மூலத்தில் கோனன் ரானை ‘ரான் நேச்சான்’ என்று கூப்பிடுகிறான்; அப்படியென்றால் ரான் அக்கா. ஆங்கிலத்தில் வெறும் ரேச்சல். ஜிம்மி ரேச்சலை ரேச்சல் என்று அழைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? மனசுக்குள் நேசிக்கும் பெண்ணை, அவள் பக்கத்தில் நடந்துகொண்டே, நாள் முழுக்க ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறது என்பது தமிழருக்குச் சொன்ன மாத்திரத்தில் உறைக்கும். இந்தத் தொடரின் துக்கம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது; அதை வைத்துக்கொள்ள ஆங்கிலத்தில் இடமில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. கோனனுக்குக் குரல் கொடுப்பவர் தகயாமா மினாமி என்ற நடிகை. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது ஜப்பானில் வழக்கம்தான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது: ஒரு பெண்ணின் குரல், ஒரு சிறுவனின் உடம்புக்குள்ளிருந்து, ஒரு நடுவயது ஆணின் வாய் வழியே வெளிவந்து உண்மையாகிறது.

மோரி ஊரில் இல்லாதபோது ஊசி வேறு இடத்தில் பாயும். ரானின் தோழி சொனோகோ அடிக்கடி அதற்கு ஆளாகிறாள். அவள் பெண்தான், பள்ளி மாணவிதான். ஆனால் கோடீஸ்வரரின் மகள். ஆகவே, ஆண் என்பது மட்டும் தகுதியல்ல, அந்தஸ்தும் தகுதிதான் என்று தொடரே திருத்தம் சொல்கிறது. ஒசாகாவின் பள்ளி மாணவத் துப்பறிவாளன் ஹத்தோரி ஹெய்ஜிக்கு யார் வாயும் வேண்டாம். தடித்த வட்டார வழக்கில் நேரடியாகவே பேசுகிறான். அப்பா ஒசாகா போலீஸின் தலைவர் ஆயிற்றே.

விதிவிலக்காக ஒருவர் இருக்கிறார். தோக்கியோ போலீஸில் தகாகி என்ற கீழ்நிலை அதிகாரி. கொஞ்சம் அசடு, ரொம்ப நல்லவர். பையன் சொல்வதைக் குனிந்து கேட்பவர் அவர்தான். வெடிகுண்டோடு அந்தரத்தில் நிற்கும் லிஃப்டில் பையனும் அவரும் மாட்டிக்கொள்ளும் ஒரு கதை உண்டு. நீ உண்மையில் யார் என்று அங்கே அவர் கேட்கிறார். மறு உலகத்தில் சொல்கிறேன் என்கிறான் பையன். இன்ஸ்பெக்டர்களுக்குத் தோன்றாத கேள்வி அந்த அசட்டு மனிதருக்குத் தோன்றிவிடுகிறது. வரிசையில் கீழே நிற்பவருக்குத்தான் கீழே நிற்பவன் பேச்சு காதில் விழுகிறதோ என்னவோ.

பெண்கள் விஷயத்தில் தொடர் இரண்டு மனசோடு இருக்கிறது. ரான் பள்ளியின் கராத்தே அணித் தலைவி. தெருவிளக்குக் கம்பத்தைக் குத்தி உடைக்கக்கூடியவள். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, பீர் பாட்டில்களைப் பொறுக்கிப் போடுதல். அம்மா வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அந்த வேலை மகளுக்கு வந்திருக்கிறது. அப்பா ஒருநாளும் அரிசி களைந்ததாகத் தெரியவில்லை. இதைத் தொடர் குறையாகச் சொல்வதே இல்லை. மழை பெய்வதுபோல இயல்பாகக் காட்டிவிட்டுப் போகிறது. ஷினிச்சி எங்கே என்று தெரியாமல் அவள் காத்திருக்கிறாள். பக்கத்திலேயே இருப்பவன் வாரா வாரம் பொய் சொல்கிறான். அவள் நன்மைக்காக என்கிறான். உண்மை ஒன்றே என்று முழங்குகிற ஆள், அந்த உண்மையைத் தாங்கும் சக்தி உனக்கு உண்டா என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளில் தீராத மர்மம் கறுப்புடை ஆசாமிகளுடையது என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். இதுவும்தான்.

அம்மாவின் கதை வேறு. கிசாகி எரி தோற்றதே இல்லை என்று பெயரெடுத்த வக்கீல். கணவரைப் பிரிந்து பத்து ஆண்டாகத் தனியே வாழ்கிறார், விவாகரத்து இல்லை. கிசாகி என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். வெளிநாட்டு ரசிகர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் சின்ன விவரம் இது. ஜப்பானியருக்கு அது அரசியல். திருமணமான தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். கணவன் பெயரா மனைவி பெயரா என்று தேர்ந்தெடுக்கலாம். நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொன்னது. வேலையிடத்தில் பிறந்த வீட்டுப் பெயரையும் ஆவணங்களில் கணவன் பெயரையும் சுமந்து திரிகிற ஜப்பானியப் பெண்கள் ஏராளம். குழந்தைகளுக்கான தொடரில் ஒரு கதாபாத்திரம் 1990களிலிருந்தே, எந்தப் பிரசங்கமும் செய்யாமல், அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

பெண் போலீஸ் அதிகாரி சாதோ மிவாகோ, தகாகிக்கு மேலதிகாரி. துப்பாக்கி, கார், கைவிலங்கு மூன்றிலும் கெட்டிக்காரி. இருவருக்கும் காதல். இதில் இலாகாவின் மற்ற ஆண்கள் கூட்டணி அமைத்து, சாதோ யாரோடு வெளியே போகிறார் என்று உளவு பார்ப்பதும், தகாகியை விசாரணை அறையில் உட்காரவைத்து மிரட்டுவதும் தொடர்ந்து வரும் நகைச்சுவை. ஜப்பானியப் போலீஸில் இன்றும் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

எல்லோரையும்விட ஆழமானவள் ஹைபரா ஐ. அந்த விஷ மாத்திரையை உருவாக்கிய விஞ்ஞானியே அவள்தான். அக்காவைக் கொன்ற கும்பலுக்கு இனி வேலை செய்யமாட்டேன் என்று மறுத்து, சாவதற்காக அதே மாத்திரையை விழுங்கி, அவளும் குழந்தையாகிவிட்டாள். புதுப்பெயர் தேடும்போது இரண்டு கற்பனைப் பெண் துப்பறிவாளர்களின் பெயர்களிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தார்கள்: கார்டிலியா கிரே, வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி. ‘ஐ’ என்பதை அன்பு என்ற பொருள் தரும் எழுத்தால் எழுதலாம் என்றார் கூட இருந்த பேராசிரியர். அவள் அதே ஒலிக்குத் துக்கம் என்ற பொருள் தரும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவளை மையமாக வைத்த 2023ஆம் ஆண்டுப் படம்தான் இந்தத் திரைப்பட வரிசையில் முதன்முதலாக 1,000 கோடி யென் வசூலைத் தாண்டியது. ரானுக்காகக் காத்திருந்தவர்கள் வேறு, ஹைபராவுக்காக வரிசையில் நின்றவர்கள் வேறு.

கொலைக்கு வருவோம். நிஜ ஜப்பானில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒரு கொலைகூட நடப்பதில்லை. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. கோனன் குடியிருக்கும் பெய்க்கா என்ற கற்பனைப் பேட்டையில் தடுக்கி விழுந்தால் பிணம். (பெயர் பேக்கர் தெருவிலிருந்து வந்தது.) துப்பாக்கி அநேகமாகக் கறுப்புடைக் கும்பலின் கையில்தான், சாதாரணக் கொலையாளிகள் கத்தி, கயிறு, தூண்டில் நரம்பு, பனிக்கட்டி, விஷத்தோடு சமாளிக்கிறார்கள். கொலையாளி யாரென்று தெரியும்வரை அவனையோ அவளையோ முகமில்லாத கறுப்பு உருவமாக, இரண்டு வெள்ளைக் கண்களோடு வரைவார்கள். ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா என்று தெரியக்கூடாது என்பதற்கான உத்தி. இந்தக் கறுப்பு உருவத்தையே கதாநாயகனாக்கி 2017இல் ஒரு கிண்டல் சித்திரக்கதை வந்து, பிறகு அதுவும் அனிமேஷன் ஆனது.

கறுப்பு உருவத்துக்கு முகம் கிடைப்பது கடைசி ஐந்து நிமிஷத்தில். யார், எப்படி என்பதெல்லாம் முடிந்த பிறகு, ஏன் என்பது. தொடரின் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. முதல் பகுதியிலேயே, ஓடும் ரோலர் கோஸ்டரில் ஒருவன் தலையை எடுக்கிறாள் அவன் கைவிட்ட காதலி. மூன்றாவது பகுதியில் பிரபல பாட்டுக்காரியின் வீட்டில் பழைய காதலன் பிணமாகக் கிடக்கிறான். தோண்டினால் அது கொலையே அல்ல. அவள் பிரபலமாகத் தொடங்கியதும், உறவை முறித்துக்கொள் என்று அவனை நெருக்கியவர் மானேஜர். நிராசையில் அவன் தன்னையே மாய்த்து, பழியை அவள்மீது போட ஏற்பாடு செய்துவிட்டான். ‘ஐடல்’ என்று ஜப்பானியர் கொண்டாடும் பாட்டுக்காரிகளுக்குக் காதலன் இருக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் எழுதாத விதி; சில ஒப்பந்தங்களில் எழுதிய விதியும்கூட. ஹைபராவின் அக்கா அகெமி, தன்னையும் தங்கையையும் கும்பலிடமிருந்து மீட்க 100 கோடி யென் வங்கிப் பணத்தைக் கொள்ளையடிக்கிறாள். பணத்தைக் கேட்டு வந்தவன் அவளைச் சுட்டுப்போடுகிறான். காமம், பொறாமை, சொத்து என்ற வழக்கமான காரணங்களும் உண்டு. சில காரணங்கள் இதற்கா ஒரு கொலை என்று கேட்கவைக்கும் அளவுக்கு அற்பமானவை. ரசிகர்கள் அவற்றைப் பட்டியல் போட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் பல கதைகளில் திரும்பத் திரும்ப வருவது, எப்போதோ தனக்கு வேண்டியவர் ஒருவர் செத்ததற்கு யாரும் பொறுப்பேற்காத கோபம். புகார் கொடுக்க இடமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பல ஆண்டு புன்னகைத்த மனிதர்கள்.

பிறகு மண்டியிடுவார்கள். ஆதாரத்தைக் காட்டியதும் தரையில் விழுந்து, கைகளை ஊன்றி, கண்ணீர் சொட்டச்சொட்ட முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். அபூர்வமாகத்தான் ஒருவர், என் வக்கீல் வரட்டும் என்பார். நீதிமன்றம் என்ற ஒன்று அனேகமாகக் கண்ணிலேயே படாது. ஒப்புக்கொண்டவுடன் வழக்கு முடிந்தது, விளம்பர இடைவேளை.

குழந்தைகள் தொடர்தானே என்று இதை விட்டுவிட முடியாததற்குக் காரணம் ஜப்பானின் நிஜ நீதித்துறை. அங்கே குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றம் ஏறுகிறவர்களில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனை பெறுகிறார்கள். உறுதியாகத் தெரிந்த வழக்குகளை மட்டுமே அரசு வக்கீல்கள் கொண்டுவருகிறார்கள் என்பது ஒரு விளக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைதானவரைக் குற்றச்சாட்டு இல்லாமலே 23 நாள்வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். விசாரணை அறைக்குள் வக்கீலுக்கு இடமில்லை. ஒப்புதல் வாக்குமூலம்தான் சாட்சிகளின் அரசன் என்று அவர்களிடையே ஒரு வழக்கே உண்டு. விசாரணையைப் படம்பிடித்து வைப்பது 2019இல்தான் கட்டாயமானது. அதுவும் குறிப்பிட்ட சில வகை வழக்குகளுக்கு மட்டும்.

1966இல் ஷிஜுவோகா பகுதியில் மிசோ தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிர்வாகியும் அவர் குடும்பத்தினர் மூவரும் கொல்லப்பட்டார்கள். அங்கே வேலைபார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஹகமாடா இவாவோவைப் பிடித்தார்கள். ஏறக்குறைய இருபது நாள் இடைவிடாத விசாரணைக்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 1968இல் மரண தண்டனை விதித்தார்கள். 1980இல் அது உறுதியானது. இன்று தூக்கா நாளைத் தூக்கா என்று தெரியாத தனிக் கொட்டடியில் அவருக்கு மனம் பேதலித்தது. வெளியே அக்கா ஹிதெகோ விடாமல் போராடினார். 2014இல் விடுவித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று, 88 வயதில், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. மிசோத் தொட்டியில் கிடைத்ததாகச் சொன்ன ரத்தக்கறைத் துணிகள் மட்டுமல்ல, அந்த ஒப்புதல் வாக்குமூலமும் விசாரணையாளர்கள் ஜோடித்ததற்குச் சமம் என்றது நீதிமன்றம்.

ஹகமாடா சிறையில் இருந்த அதே ஆண்டுகளில்தான் திங்கட்கிழமை மாலைகளில், பிறகு சனிக்கிழமைகளில், டி.வி.யில் குற்றவாளிகள் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். தொடரை உருவாக்கியவர்கள்மீது பழி போட வேண்டியதில்லை. கோனன் யாரையும் அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. ஆதாரத்தை முதலில் வைக்கிறான். ஆனால் ஒப்புக்கொண்டவன் குற்றவாளி, குற்றவாளி என்றால் ஒப்புக்கொள்வான் என்ற நம்பிக்கை அந்தச் சமூகத்தில் எவ்வளவு ஊறியது என்பதற்கு ஆயிரம் பகுதிகள் சாட்சி.

தொடருக்கே இதில் ஒரு நெருடல் இருந்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுப் படத்தில் கைவிலங்கு மாட்டுவது தூங்கும் மோரிக்கே. சர்வதேச உச்சிமாநாடு நடக்கவிருந்த கட்டிடத்தில் வெடிவிபத்து. அது விபத்து என்று மூடப்பட்டுவிடக்கூடாது, போலீஸ் விசாரிக்க வேண்டும் என்பதற்காக, உள்நாட்டுப் பாதுகாப்புப் போலீஸின் ரகசிய அதிகாரி ஒருவர் ஒன்றும் அறியாத மோரிக்கு எதிராகச் சாட்சியம் ஜோடிக்கிறார். நாட்டு நலனுக்காக. படம் இதைக் கண்டிக்கிறதா கொண்டாடுகிறதா என்று கடைசிவரை தெளிவில்லை. அந்த அதிகாரி அமுரோ தோரு என்ற பெயரில் மோரியின் சிஷ்யனாக நடிப்பவர். பொன்னிற முடி, அழகன். ஜப்பானியப் பெண்கள் அவரை 1,000 கோடி யென் நாயகனாக்கியே தீருவதென்று ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கினார்கள். கொஞ்சம் குறைய, 900 கோடியைத் தாண்டி நின்றது. நிரபராதியின்மீது வழக்கு ஜோடித்தவருக்கு இத்தனை காதல் கடிதங்கள்.

ஆனால் தொடரின் மனசாட்சி அதற்கு வெகுமுன்பே, 1996 ஏப்ரலில் வந்த பதினோராவது பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சந்திரநிழல் என்ற பெயருள்ள ஒரு சிறு தீவு. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அங்கே ஒரு பியானோ கலைஞர், மனைவியையும் மகளையும் கொன்று, தீயில் அமர்ந்து பேத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வை வாசித்தபடி இறந்தார் என்பது ஊர்க் கதை. உண்மையில் அவரைக் கொன்றவர்கள் கூட்டாளிகள். அவருடைய வெளிநாட்டுக் கச்சேரிகளின் மறைவில் போதைப்பொருள் கடத்தியவர்கள். நோயாளிக் குழந்தையாக தோக்கியோ மருத்துவமனையில் இருந்ததால் மகன் ஒருவன் பிழைத்தான். வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்து, டாக்டராகித் தீவுக்குத் திரும்புகிறான். செய்ஜி என்பது அவன் பெயர். அதே சீன எழுத்துகளை நருமி என்றும் படிக்கலாம். அது பெண் பெயர். ஊரார் நருமி என்ற லேடி டாக்டரை நம்பி மருந்து வாங்குகிறார்கள். பெயரைப் படிக்கும் விதத்தில் ஒரு மனிதன் ஒளிந்துகொள்ள முடிகிற மொழி அது.

நருமி பழிவாங்குகிறான். கோனன் வழக்கம்போல மோரியின் குரலில் எல்லாவற்றையும் அவிழ்க்கிறான். அதன்பிறகு நடந்தது வழக்கம்போல இல்லை. யாரும் மண்டியிடவில்லை. நருமி எரியும் கட்டிடத்துக்குள் போய் அப்பாவின் பியானோவின் முன் அமர்கிறான். வெளியே வா என்று கெஞ்சிக்கொண்டு பையன் தீக்குள் ஓடுகிறான். நருமி அவனை ஜன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டுத் திரும்பிப் போய் வாசிக்கிறான். ஆதாரத்தால் ஒருவனை மூலைக்குத் தள்ளி, அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் துப்பறிவாளனும் கொலைகாரனே என்று பின்னொரு கதையில் ஷினிச்சி ஹத்தோரியிடம் சொல்வது இந்த நினைவிலிருந்துதான்.

ஆயிரமாவது பகுதி வந்தபோது என்ன புதிதாகச் செய்யலாம் என்ற கேள்வி இருந்திருக்கும். இந்தக் கதையையே மறுபடி புதிதாக வரைந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுத் தொழில்நுட்பம் கூடியிருந்தது. தீ இன்னும் அழகாக எரிந்தது. நருமி அப்போதும் பிழைக்கவில்லை. அவன் கடைசியாக வாசித்தது பேத்தோவன் அல்ல. பியானோக் கட்டைகளை எழுத்துகளாகக் கொண்ட ரகசியச் சங்கேதம் ஒன்று அந்தக் கதையில் உண்டு. அதில் ஒரு செய்தி. வெளியே மோரி நின்றார், போலீஸார் நின்றார்கள், ஊர் நின்றது. அது யாருக்கென்று ஒருவருக்கும் புரியவில்லை. சின்னத் துப்பறிவாளனுக்கு நன்றி என்று வாசித்திருந்தான்.